பூட்டிய வீட்டுக்குள் போகும் காற்று

ஜூன் 4

ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க நான் செய்த பெட்டி வேலை செய்கிறது! துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைப் படுக்க வைத்து, பின்பக்கம் வட்டமாக அறுத்து, பழைய சாமான் கடையில் வாங்கிய பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தினேன். அதிலிருந்து மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் ஜன்னலுக்கு வெளியே போகிறது. பெட்டியின் வாயில் டிஷ்யூ பேப்பரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். ஃபேனைப் போட்டதும் பேப்பர் உள்பக்கம் சாய்ந்து நின்றது. அப்படியென்றால் பெயிண்ட் நெடி என் மூக்குக்கு வராது, வெளியே போய்விடும்.

அக்கா மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் நான் செய்துகொண்டிருக்கும் பொம்மைக் கப்பலைத் தூக்கிப் பார்த்தாள். "இது மிதக்குமா?"

"மிதக்காது."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ பாடு?"

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கை சும்மா இருந்தால் பயமாக இருக்கிறது. அதை எப்படிச் சொல்வது?

ஜூன் 7

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சத்தம் போட்டார்கள். கொடியில் காயப்போட்ட பெட்ஷீட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள். "உன் பொண்ணு என் துணிக்கு வெள்ளையடிக்கிறாளா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்கவாவது வாய் வந்திருக்கலாம். வரவில்லை.

ஜூன் 9

வழி கிடைத்துவிட்டது. என் அறைச் சுவரில், அலமாரிக்குப் பின்னால், எப்போதோ ஏதோ குழாய் போன ஓட்டை இருக்கிறது. அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மாடியின் இன்னொரு பாதி. நாங்கள் குடி வந்ததிலிருந்து அதன் கதவில் பூட்டுத்தான்.

அம்மா வீட்டுக்காரம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டு வந்தாள். "அங்க ஒரு ஈ காக்கா இல்லையாம். மூத்த பொண்ணு வெளிநாட்டுல புருஷனோட இருக்காளாம். வந்தா தங்கறதுக்குன்னு பூட்டி வெச்சிருக்காங்களாம்."

ஓட்டையில் குழாயைச் செருகிச் சுற்றிலும் டேப் ஒட்டினேன். ஆளில்லாத வீடு. யாருக்கு என்ன தொந்தரவு?

ஜூன் 12

ஃபேனை நிறுத்தியிருந்தேன். ஜன்னலும் சாத்தியிருந்தது. ஆனால் டிஷ்யூ பேப்பர் ஆடியது. என் பக்கமாக வந்தது, பிறகு மெதுவாக உள்ளே போனது. மறுபடியும் வந்தது.

அந்தப் பக்கம் ஜன்னல் உடைந்திருக்கும். காற்றுத்தான். வேறென்ன?

ஜூன் 13

ஃபேன் சத்தம் இன்று வேறு மாதிரி, மூச்சு முட்டுவது போல. நான் அடித்த பெயிண்ட் புகையாகத் திரும்பி என் முகத்துக்கே வந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் தப்பித்தேன். குழாயைக் கழற்றி ஓட்டைக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கத்து முனையில் மெத்தென்று ஏதோ. துணி. குழாயைச் செருகிய அன்று அங்கே துணி இல்லையே.

ஜூன் 14

துணி இல்லை. ஸ்கேல் முழுசாகப் போகிறது.

எலி என்று எழுதலாமா? எலி துணியை இழுத்துக்கொண்டு போகும். கொண்டுவந்து அடைக்குமா?

ஜூன் 17

மறுபடி துணி.

ஜூன் 18

துணி இல்லை.

சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "வீட்டுக்காரம்மா இன்னைக்கும் இருமல் மருந்து வாங்கினாங்க. அந்தம்மா இருமி நான் கேட்டதே இல்ல. யாருக்குத்தான் வாங்கறாங்களோ."

அம்மா சிரித்தாள். "ருசியா இருக்குன்னு குடிக்கறாங்களோ என்னவோ."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 19

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சாப்பாட்டில் கேட்டதை நம்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலையில் கப்பலுக்கு வார்னிஷ் அடித்தேன். அதன் நெடிதான் எல்லாவற்றையும்விட மோசம். முடித்து ஃபேனை நிறுத்தினேன். அப்போது குழாய்க்குள் இருமல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து இருமுவது போல. ஒரு பெண்ணின் இருமல். விடாமல், விடாமல். பிறகு ஏதோ தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. டிஷ்யூ பேப்பர் அசையாமல் தொங்கியது. அது ஆடியபோது பயந்தேன். ஆடாமல் நின்றபோதுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

அந்தப் பக்கத்து நெடியை இழுத்து எடுக்க, ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டிப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன். அந்த அறையின் காற்று என் அறைக்கு வந்தது. வார்னிஷ் நெடிக்குப் பின்னால் வெயில் படாத தலையணை, ஈரத்துணி, எண்ணெய் வைத்த தலைமுடி. ஆள் வாசனை.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. வீட்டுக்காரம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேல இருக்கிறவங்க விழுந்துட்டாங்க" என்றேன்.

"எவங்க? அங்கதான் யாருமில்லன்னு உங்கம்மாகிட்ட—"

"இருமினாங்க. இப்ப இருமல."

அவர்கள் முகத்தைப் பார்த்தேன். கத்தியைப் போட்டுவிட்டு உள் அறைக்கு ஓடினார்கள். அங்கே மாடிக்கு இன்னொரு படி இருக்கிறது. எங்களுக்குத் தெரியவே தெரியாத படி. மேலே அவர்கள் குரல் கேட்டது: "கண்ணு, எழுந்திரு கண்ணு. அம்மாடா. ஜன்னலத் திறக்கறேன், எழுந்திரு."

கொஞ்ச நேரம் கழித்து இருமல். அதைக் கேட்டு நான் அழுதேன்.

ஜூன் 20

வீட்டுக்காரம்மா மேலே வந்தார்கள். கண் வீங்கியிருந்தது. "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. என் பொண்ணு வெளிநாட்டுலதான் இருக்கா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

அம்மா "சரிங்க" என்றாள்.

அவர்கள் போனதும் அக்கா பாய்ந்தாள். "என்னம்மா சரி? ஒரு மனுஷியப் பொட்டிக்குள்ள போட்ட மாதிரி வெச்சிருக்காங்க!"

"நமக்கெதுக்குடி ஊர் வம்பு? அடுத்த வீடு பார்க்கணும், அட்வான்ஸ் திரும்ப வாங்கணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழாயைக் கழற்றப் போய்விட்டேன்.

ஜூன் 23

குழாயை எடுத்துவிட்டேன். ஓட்டை மட்டும் இருக்கிறது. அம்மா வெளியே போனதும் அதன் அருகில் உட்கார்ந்தேன். ஒரு கேள்வியை மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சத்தமாகக் கேட்டேன்: "அக்கா, இப்ப பரவாயில்லையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்தது. பிறகு, மிக அருகில்: "ஃபேனை ஏன் நிறுத்திட்ட?"

எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களோ.

"உங்களுக்கு ஆகாதே. விஷம் மாதிரி."

"அந்த நெடி வந்தா பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியும். அம்மாதான் துணி அடைப்பாங்க. அவங்க கீழ போனதும் நான் எடுத்துடுவேன்."

அவர்களே தொடர்ந்து பேசினார்கள். புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் திரும்பி வந்தார்களாம். ஊர் வாய்க்குப் பயந்து, ரெண்டு வாரம் மட்டும் மறைவாக இரு என்று அம்மா சொன்னார்களாம். அப்புறம் ரெண்டு மாசம். அப்புறம் இவர்களுக்கே வெளியே வரக் கூச்சமாகிவிட்டதாம். "இத்தனை நாள் எங்க இருந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். இரண்டு வாரம் பள்ளிக்குப் போகாமல் இருந்துவிட்டு, திரும்பப் போக முடியாமலே போனவள் நான்.

"யாராவது என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்லக்கா." பிறகு சொன்னேன்: "நான் கேக்கறேன்."

ஜூன் 25

முடியவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஜூன் 26

காய்கறி வண்டி நின்றிருந்தது. தெருவில் பாதிப்பேர் அங்கே. வீட்டுக்காரம்மா தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் போய் நின்றேன்.

"மூத்த அக்காவுக்கு இருமல் குறைஞ்சுதாங்க?"

என் குரல் இவ்வளவு பெரியதா?

வண்டிக்காரர் நிமிர்ந்தார். "அட, பாப்பா வந்திருக்கா? சொல்லவே இல்லையே! எப்ப வந்துச்சு?"

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். தக்காளி கையிலேயே இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"போன வாரம்தான்" என்றார்கள். அதைச் சொல்லிவிட்டு, யாரோ சுமையை இறக்கிவிட்டது போல வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் 29

சாமான் ஏற்ற நாளை வண்டி வரும். பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடிப் படியில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படியிலும் நின்று, இருமி, மறுபடி ஏறும் சத்தம். வாசலில் அந்த அக்கா நின்றார்கள். நான் நினைத்ததைவிடக் குட்டை. தோல் பேப்பர் மாதிரி வெளுத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

கீழேயிருந்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். இவர்கள் அசையவில்லை.

நான் எழுந்து கதவருகே போனேன்.

"மூடாத" என்றார்கள்.

மூடவில்லை. பாத்திரம் சுற்ற வைத்திருந்த பேப்பரெல்லாம் காற்றில் அறை முழுக்கப் பறந்தன. பறக்கட்டும் என்று நானும் உட்கார்ந்தேன்.