வண்டி விற்பனைக்கு இல்லை

இன்று காலை பானெட்டைத் திறந்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்தபோது, அந்தத் துணியின் வாடையில் நீங்கள் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. உங்கள் பழைய வேட்டியைக் கிழித்து இதற்கென்றே வைத்திருந்த துணி. எஞ்சின் ஆயில் வாடை லேசில் போகாது. போய்விடக் கூடாதென்று நானும் சோப்புப் போடுவதில்லை.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வந்தார். கூடவே திருப்பத்தூர்க்காரர் ஒருவர், வண்டி வாங்க. விற்கப்போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை போயி வருசம் திரும்பிருச்சு. இனிமே ஒனக்கு எதுக்காத்தா காரு? கோவிலூருக்குப் போகணும்னா ஆட்டோ கெடக்கு" என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நம் வண்டியைப் பற்றி ஊரில் யார் வேண்டுமானாலும் பேசலாம், அண்ணன் பேசக்கூடாது. சொந்தத்தில் ஒருவருக்கு அறுபது நிறைந்த அந்தச் சாந்திக் கல்யாண வீட்டு வாசலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணனின் புதுக் காரில் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலண்ட் குறைந்திருந்தது. அவர் சமையல்கட்டிலிருந்து ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டார். நீங்கள் பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடினீர்கள்.

"வேணாம் மச்சான். அதுக்குன்னு கூலண்ட் விக்கிது. தண்ணிய ஊத்துனா உள்ள உப்புப் படியும்."

"நம்மூரு ஊத்துத் தண்ணியிலயா மாப்பிள்ளை உப்பு? மெட்ராஸ்ல இருந்து வர்றவுக பாட்டில்ல புடிச்சுட்டுப் போறாக."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அண்ணன் பக்கம்தான். காரைக்குடியில் நின்றுகொண்டு காரைக்குடித் தண்ணீரைக் குறை சொன்னால் விடுவார்களா? நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள்: "நானும் அதத்தான் குடிக்கிறேன். எஞ்சினுக்கு நாக்கு இல்ல மச்சான்." சிரித்தார்கள். அண்ணன் ஊற்றினார், அதற்குப் பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கோடையில் மானாமதுரை ரோட்டில் சூடேறிப் புகைந்து நின்று, எஞ்சினையே பிரிக்கவேண்டி வந்தது. வண்டி ராசியில்லாதது என்று சொல்லி விற்றுவிட்டார். தண்ணீர்மேல் இன்றுவரை ஒரு குற்றமும் இல்லை.

உங்களைத்தான் கிறுக்கு என்றார்கள். செம்மண் புழுதி என்று ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பீர்கள். வருசம் பிறந்தால் ஆயிலை மாற்றிவிடுவீர்கள். "ஓட்டமே இல்லையேண்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று பட்டறைக்காரரே சொல்வார். "கடைக்கும் கோயிலுக்குமாப் போறோம். எஞ்சின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துருது. உள்ள ஈரம் தங்கி ஆயில் கெட்டுப்போகும். நிக்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும்" என்பது உங்கள் பதில். அதற்காகவே வாரம் ஒரு தடவை ஒரு வேலையும் இல்லாமல் கல்லல் வரை போய்வருவோம். டீசலை வீணாக்குகிறார்கள் என்று தெருவில் பேச்சு. நான் நடுவயது தாண்டி வண்டி பழகி லைசென்ஸ் எடுத்ததும் அதே ரோட்டில்தான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்ததைவிட சூடு காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம்.

நீங்கள் போனபின் என்னை வீட்டுக்குள் நிறுத்திவிட எல்லாருக்கும் ஆசை. சாப்பாடு வருகிறது, ஆறுதல் வருகிறது. எங்கே போகவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பேச ஆளில்லாத இந்த வீட்டில் உங்கள் நினைவு என்னை அழுத்துகிறது, அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் அழுவதற்காக ஒரே இடத்தில் நின்றுவிட என்னால் ஆகாது. வண்டிக்காக நீங்கள் சொன்னதை எனக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

"ஏறுங்க ரெண்டு பேரும்" என்றேன். ஓட்டிக் காட்டப்போகிறேன் என்று நினைத்து ஏறினார்கள். கிளப்பியதும் உறுமவிடாமல், முள் மெல்ல ஏறும்வரை நிதானமாகப் போய், பிறகு கல்லல் ரோட்டில் காலை அழுத்தினேன். அண்ணன் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தவர் விடவே இல்லை. திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"அமத்த வேண்டியதுதானே?" என்றார் அண்ணன்.

"டர்போ சூடா இருக்குண்ணே. ஒடனே அமத்துனா கெட்டுப்போகும், செத்த பொறுங்க."

திருப்பத்தூர்க்காரர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "எஞ்சின் ஒருக்காகூடப் பிரிக்கலையா ஆச்சி?"

"பிரிக்கல."

"அருமையா வச்சிருக்கீக. குடுப்பீகளா?"

"குடுக்க மாட்டேன்."

அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார். அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு செம்பு ஊற்றுத் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன். "குடிங்கண்ணே. இது குடிக்கிறதுக்கு." உங்கள் கிண்டல் என் வாயில் வந்துவிட்டது. அவரும் புரிந்துகொண்டு, ஒரு மடக்கு விடாமல் குடித்தார்.

உங்கள் துணியை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த வாரம் ஆயில் மாற்றவேண்டும். பட்டறைக்காரர் வழக்கம்போல "ஓட்டமே இல்லையே ஆச்சி" என்பார். போன தடவை உங்கள் பதிலையே சொன்னேன். இந்தத் தடவை என்னுடையது ஒன்று வைத்திருக்கிறேன்.

"இனிமே இருக்கும்."