ஐம்பத்து நான்கு கிலோ மணல்

மொன்றியால்,
2 மார்ச் 1996

பாசமுள்ள ஒடீல் அக்காவுக்கு,

நீ அனுப்பிய மேப்பிள் மிட்டாய் தீர்ந்துவிட்டது. என் பொறுமையும்தான். முழங்கையின் தசைநாண் கிழிந்து ஐந்து மாதம். வலி போய் வெகுநாளாயிற்று. நேற்றுக் கம்பியில் தொங்கிப் பதினெட்டு முறை உடம்பைத் தூக்கினேன். பழைய சட்டைக்குள் புஜம் நுழைய மாட்டேன் என்கிறது.

மருத்துவர் தெல்பீன் மட்டும் மசியவில்லை. "தசை சீக்கிரம் வந்துரும்ப்பா. அதை எலும்போட கட்டுற நாண் அப்படியில்ல, ரத்தம் கம்மி. பாரத்தைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்து, மெதுவா இறக்கு. இன்னும் நாலு மாசம்" என்கிறார். நாலு மாதமா! மே பத்தாம் தேதி சர்க்கஸ் திறப்பு. நீ ஊஞ்சலை விட்டுப் பறந்து வரும்போது பிடிப்பது நான்தான். வேறு யாரையும் போடவிடாதே.

உன் கிஸ்லேன்

கியூபெக்,
11 மார்ச்

அருமைத் தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். என்னைப் பிடிக்க பெர்த்திரானை வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் அவனிடம் கை நீட்டவில்லை. "மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு ஒடீல், உன் தம்பியா, அவனா?" என்று முதலாளியம்மா நேற்று கறாராகக் கேட்டுவிட்டாள்.

பன்னிரண்டு வருஷமாக உன் கையைத் தவிர வேறு கையை நம்பியதில்லை. உண்மையைச் சொல், பிடிப்பாயா? நீ சரி என்றால் காத்திருக்கிறேன். வலை இருக்கிறது என்று மட்டும் சமாதானம் சொல்லாதே. அதில் தப்பாக விழுந்து கழுத்தொடிந்தவர்களை இருவருமே பார்த்திருக்கிறோம்.

கவலையோடு,
அக்கா

மொன்றியால்,
24 மார்ச்

அக்கா,

தெல்பீனிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். திட்டாதே. உன் எடைக்கு மணல் மூட்டை கட்டி ஆடவிட்டு, தலைகீழாகத் தொங்கிப் பிடித்துப் பார்த்தேன். முதல் நாள் முப்பது முறை. ஒன்றும் ஆகவில்லை. 'வருகிறேன்' என்று உனக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன், நல்லவேளை தபாலில் போடவில்லை.

மறுநாள் பதினோராவது முறை. பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வலியில்லை. கீழே பார்த்தால் மூட்டை வலையில் புரண்டு கிடக்கிறது, என் விரல்கள் விரிந்திருக்கின்றன. முழங்கை சாயங்காலம்தான் வீங்கியது. வைத்தியம் மறுபடி முதலிலிருந்து.

வெறும் மணல்தான் அக்கா. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பெர்த்திரானையே சொல்லிவிடு. எனக்குப் பொறாமைதான், மறைக்க மாட்டேன். கம்பியை விடச் சொல்லி 'ஹெப்' என்று அவன் கொஞ்சம் முந்திக் கத்துவான். நீ அரை மூச்சு பொறுத்துக் கம்பியை விடு. அப்புறம் என்னை நினைக்காதே, கையை நீட்டு.

கிஸ்லேன்