தண்ணி சேந்துற கை

பாடாலூர்,
தை, 1947

அன்புள்ள அப்பாவுக்கு, புஷ்பவல்லி வணங்கி எழுதுறேன். நான் சௌக்கியம். உங்க மூட்டுவலி தேவலையாங்க?

நான் இங்கே டிரில் டீச்சரா வந்த நாள்லேருந்து, பொண்ணுங்களுக்குக் கும்மி போதும், மைதானம் எதுக்குன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிக்கிட்டே இருந்தாரில்ல? நேத்து பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் முன்னாலேயே அஞ்சாங்கிளாஸ் பொண்ணுங்களைப் பையன்களோட கயிறு இழுக்க விட்டேன். இங்கே கிணறெல்லாம் அதலபாதாளம். தினம் தண்ணி சேந்துற கை, விடுமா? ஒரே இழுப்புல பையன்கள் அத்தனை பேரும் புழுதியில கிடந்தானுங்க! இனிமே வருஷம் முழுக்கப் பொண்ணுங்களுக்கும் டிரில் உண்டுன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாருங்க.

சந்தோஷத்துல நான் குதிச்ச குதியில என் முழங்கால் லேசா சிராய்ச்சிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்து நீளம் தாண்டப் பழக்கணும். இந்தக் கரிசல் கல்லாட்டம் கிடக்கு. தாண்டி விழுற குழியில கொட்ட நம்ம திருமழபாடி ஆத்துமணல் ஒரு வண்டி நிறைய அனுப்புங்க. வண்டியோட நீங்களும் வந்தா நல்லாயிருக்கும்.

மணி அடிச்சாச்சு. பொண்ணுங்க எனக்கு முன்னாலேயே மைதானத்துல நிக்குதுங்க.

உங்க மகள்,
புஷ்பவல்லி