மூக்கு நேரான கப்பல்

பொன்முடி பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே கடலை நினைத்திருந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் பாதியில் விட்ட அந்தச் சின்ன மரக்கப்பல் முடிந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. மூன்று பாய்மரம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, இரண்டு பக்கமும் கயிற்றேணி, எல்லாம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் சும்மா இருப்பீர்களா? தெருவையே கூப்பிட்டிருப்பீர்கள்.

நீங்கள் இறந்துபோன பிறகு அது பழைய சேலை மூடி அலமாரியின்மேல் கிடந்தது. அம்மா அதைத் தொடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எனக்கோ வாசகசாலையைக் கடக்கும்போதெல்லாம் கண் தானாக உள்ளே போகும். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள் அல்லவா? "கப்பல் கரைக்கடுத்தோ அண்ணாச்சி?" என்று, கப்பல் கரை சேர்ந்துவிட்டதா எனக் கேட்டு, வாசகசாலை செக்ரட்டரி சசி சேட்டன் கிண்டல் செய்வார். "வரும் சசியே, ஓணத்துக்கு வரும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வருவீர்கள். இந்த ஓணத்துக்கும் அந்தத் தட்டு காலியாகக் கிடந்தால், அப்பா சும்மா வாயடித்தார் என்று ஆகிவிடாதா? அது ஆகக் கூடாது என்றுதான் கப்பலைக் கீழே இறக்கினேன்.

நீங்கள் வாங்கிய கப்பல் கிட்டில் வந்த மெல்லிய மரப்பட்டிகளை விலாச் சட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தீர்கள். நடுவில் அழகாகப் படிந்திருந்தது. முன்மூக்கில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணி நின்றது. "பசை கொள்ளாது மக்களே" என்று அப்போது பசையைக் குறை சொன்னீர்கள். தப்பு பசையில் இல்லை அப்பா. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அம்மாவுடன் பிளவுஸ் தைக்கிறவளுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது. மார்புக்கு வெட்டிய அகலத்தை இடுப்பிலும் அப்படியே விட்டால் துணி சுருக்கம் விழும். கப்பலுக்கும் நடு பெரிது, மூக்கு சிறிது. ஒவ்வொரு பட்டியும் மூக்குக்குப் போகப்போக ஒடுங்க வேண்டும்.

ஆனால் அதற்கு நீங்கள் ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். ஈரத்துணி போட்டு, அதன்மேல் இஸ்திரிப்பெட்டி வைத்தேன். பசை இளகி முதல் பட்டி கையோடு வந்தபோது அம்மா பின்னால் நின்றாள்.

"எடி, என்னத்த செய்யுத? அப்பா கைபட்டதையா பிரிக்க?"

"மூக்கு மட்டும்மா. நடுவில உள்ளதத் தொடல்ல."

அம்மா உள்ளே போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். டேப்போடு திரும்பி வந்தாள். "தள்ளு, அளவு நான் பிடிக்கேன். இத்தன வருசம் ஊருக்கெல்லாம் தைச்சாச்சு. கப்பலுக்கு இடுப்பு எடுக்கது இப்பத்தான்."

வயிற்றை அளந்தோம், மூக்கை அளந்தோம், காகிதத்தில் மாதிரி வெட்டினோம். பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து, பெட்டிச் சூட்டில் வளைத்தேன். ஒன்று முறிந்தது, இன்னொன்று கருகியது. கருகியது அடிப்பக்கத்தில் இருக்கிறது, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பாய்த்துணியைக் கண்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஓரம் எவன் அடிச்சான், கண்ண மூடிட்டா?" என்று பிரித்து, தானே மறுபடி அடித்தாள். உங்கள் கப்பலில் இப்போது மூன்று பேருடைய கை இருக்கிறது.

ஓணத்துக்கு முந்தின வாரம் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். சசி சேட்டன் வாசலுக்கே ஓடிவந்தார். "கரைக்கடுத்தல்லோ! அண்ணாச்சி வாக்கு பாலிச்சு!" என்று, நீங்கள் வாக்கைக் காப்பாற்றியதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, தட்டைத் துடைத்து அவரே உள்ளே வைத்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்து, 'செய்தது' என்று எழுதி, உங்கள் பெயரையும் எழுதினார். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் எப்போதும்போல அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வந்த காரியம் முடிந்துவிட்டது, பேசாமல் வீட்டுக்குப் போகலாம். ஆனாலும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேராக இருந்தது தெரியுமா?

"ஞானும் உண்டு" என்றேன்.

"எந்தா மோளே?" சேட்டனுக்குக் கேட்கவில்லை.

"அச்சன் தொடங்கி. மூக்கு ஞானா செய்தது."

நீங்கள் தொடங்கினீர்கள், மூக்கு நான் செய்தது என்று சொல்லும்போது என் சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து கப்பலின் மூக்கைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "கொள்ளாம், கேட்டோ" என்று மெச்சினார். எனக்குக் காது சுட்டது. ஆனால் தலையைக் குனியவில்லை. பாய் தைத்தது அம்மா என்றும் சொன்னேன்.

அந்த அட்டையில் உங்கள் பெயருக்குக் கீழே இப்போது எங்கள் பெயரும் இருக்கிறது. உங்களுக்கு வருத்தமா அப்பா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். பள்ளியை விட்டபோது எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. வகுப்பில் எழுந்து பேசப் பயம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

இனி என் கை செய்த எதையும் யார் கேட்டாலும், நான் செய்தது என்று முன்னால் வந்து சொல்வேன். அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற உறுதி.

கப்பலில் உங்களோடு பாதிக்காரியான உங்கள் மகள்,
அபிஷா