கதீஜா சாச்சியின் கசெட்

ஞாயிறு, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

கண்டக்குழிக்குப் போய்வந்த அலுப்பு இன்னும் இறங்கவில்லை. எங்கள் கரையில் கலியாண வீடுகளில் வாசித்த பைலா கோஷ்டிகளின் பாட்டுகளைத் தேடத் தொடங்கியதிலிருந்து, கைக்கு வருவதெல்லாம் உப்புக்காற்றில் பூஞ்சணம் பிடித்த கசெட்டுகள்தான். இன்றைக்கு ஒன்று நன்றாகப் பாடியது. அங்கே கதீஜா சாச்சியின் அலுமாரியில் இருந்தது.

ஆனால் அது பாட்டுக் கசெட் இல்லை. சவூதியில் வேலை செய்த கணவருக்குச் சாச்சி கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. அவர் ஊருக்கு வரும்போது திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். சாச்சி பேசிய நேரம் பக்கத்து வீட்டில் கலியாணம். கோஷ்டியின் வாசிப்பும் சேர்ந்து பதிந்துவிட்டது. அந்தக் கோஷ்டியின் பாட்டு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

"பாட்ட எடுத்துக்கங்க மகன். என்ட கதைய மட்டும் அழிச்சிருங்க. அவரும் மௌத்தாகிப் போய்ட்டார், இனி அத யார் கேக்க?" என்றார்.

"ஓம் சாச்சி" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய்தான் முந்தும்.

வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் போட்டு இரண்டையும் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகுகிறது என்று அவர் சொல்லச் சொல்லப் பாட்டு அமுங்கிவிடுகிறது. அவர் பேச்சை நிறுத்துகிற இடங்களில்தான் அக்கோடியன் தெளிவாகக் கேட்கிறது. அவற்றை மட்டும் வெட்டி எடுத்தால், சாச்சியின் கதையில் ஒரு சொல்கூட இருக்காது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியதாகும்.

ஆனால் அந்த இடங்களில் எல்லாம் சாச்சி அழுகிறார்.