கட்டாமல் விட்ட கால்

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். இருமல் விட்டபாடில்லை என்று மகள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடது பக்கத்தில் பேனாவை வைத்து, "பெரியவரே, இந்த விலா எப்பவோ ஒடஞ்சிருக்கு, கோணலா ஒட்டியிருக்கு பாருங்க. எப்பவாவது கீழ விழுந்தீங்களா?" என்று கேட்டார். ஆமாம்மா என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. நாற்பது வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வருகிறேன். என் மனைவிகூட அதை நம்பியே போய்ச் சேர்ந்தாள்.

தோஸ்து, அந்தக் கறுப்புப் படத்தில் எனக்கு உன் முஷ்டிதான் தெரிந்தது.

உனக்குத் தெரியாத எதையும் நான் புதிதாக எழுதப் போவதில்லை. ஆனாலும் ஒரு தடவையாவது வரிசையாகச் சொல்லிவிட வேண்டும். நீ வியாசர்பாடி பாக்ஸர்; துறைமுகப் பட்டறையில் சம்மட்டி அடித்தாய். ராயபுரத்து அந்தோணிக்குக் கடல்தான் வீடு. காற்று திரும்புவதை அவன் மூக்கு முதலில் சொல்லும். நான் துறைமுக மோட்டார் படகில், லாஞ்சின் மூக்கில் நிற்பவன். கப்பலோ சுவரோ மிதவையோ, எது நெருங்கினாலும் காலை நீட்டி உதைத்துத் தள்ளுவது என் வேலை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. கால் தானாகப் போகும்.

ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் போட்டுவிட்டுப் போன பந்தயப் படகு கொட்டகையில் கிடந்தது. அடிவயிற்றில் ஈயக்கட்டி தொங்குகிற சின்னப் பாய்மரப் படகு. நீதான் படகுச் சங்கத்துச் செயலாளரிடம் போய் நின்றாய். அவர் உன் வீங்கிய மூக்கைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு சீசன் ஓட்டுங்க. கடைசிப் பந்தயத்துல மூணு இடத்துக்குள்ள வந்தா படகு உங்களுக்கு. வராட்டி ஒடச்சு ஈயத்தை உருக்கப் போட்டுடுவேன்" என்றார். வெளியே வந்ததும் நீ, "ஒடைக்க வுடுவனா மாமு, என் பொணத்து மேல ஒடைக்கட்டும்" என்றாய்.

நமக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அடிபட்டே கற்றோம். முதல் வாரமே பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து அந்தோணியின் புருவத்தைப் பிளந்தது. நீ உன் கைலியைக் கிழித்து அவன் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, "இன்னொரு வாட்டி திருப்பு" என்றாய். ரத்தம் கண்ணுக்குள் வழிய வழிய அவன் திருப்பினான். முன்பாயை இழுக்க நான் ஒரு நொடி பிந்தினாலும் கயிற்று நுனியால் என் முதுகில் சுளீரென்று போடுவாய். நான் தண்ணீர் இறைக்கிற தகர டப்பாவால் உன் முழங்காலில் திருப்பிப் போடுவேன். மூவரும் உதடு கிழிந்து கரையேறுவதைப் பார்த்து, சங்கத்து ஆட்கள் நாம் பந்தயத்துக்குப் பழகுகிறோமா, கொலை செய்யப் பழகுகிறோமா என்று கேலி பேசினார்கள். "அடி வாங்கிக்கினா கை மறக்காது" என்பாய். உன்னை நான் வெறுத்த நாட்கள் உண்டு. அந்த நாட்களில்கூட மாலை ஐந்து மணிக்கு உனக்கு முன்னால் கொட்டகைக்கு வந்து நிற்பேன்.

பந்தயப் பாதையில் திருப்பத்துக்குத் திருப்பம் கடலில் ஒரு சிவப்பு டிரம் மிதக்கும். அதைச் சுற்றி வரவேண்டும், தொடக்கூடாது. தொட்டுவிட்டால் நடுவர் வந்து சொல்வதில்லை. தொட்டவனே தன் பாய்மரத்து உச்சியிலிருக்கும் பந்தயக் கொடியை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். பழகிய நாளெல்லாம் டிரம் நெருங்கியதும் என் வலது கால் நீண்டது. "இது ஒன் லாஞ்சு இல்லடா, கசுமாலம்" என்று கத்தியும் நிற்கவில்லை. கடைசியில் என் கணுக்காலில் கயிறு போட்டுப் பாய்மரத்தின் அடியில் கட்டினாய். மாட்டைக் கட்டுவது மாதிரி. அதற்குப் பிறகு ஒரு நாளும் தொடவில்லை.

பந்தயத்தன்று துறைமுகச் சுவர் முழுக்க ஜனம். திருவொற்றியூரிலிருந்து என் தெருவே வந்திருந்தது. நீ கயிற்றை எடுத்தபோது காலை இழுத்துக்கொண்டு, "இன்னிக்கு வேணாம்டா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "காலு கம்முனு இருக்குமா?" என்று கேட்டாய். இருக்கும் என்றேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டாய்.

கடைசி டிரம்முக்கு இரண்டாவதாக வந்தோம். பின்னால் ஆறு படகு. அலை ஒன்று நம்மைத் தூக்கி டிரம் பக்கமாகத் தள்ளியது. உன் சுக்கான் சரியாகத்தான் இருந்தது தோஸ்து, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு சாண் இடைவெளியில் தாண்டியிருப்போம். என் கால் போய் அதை உதைத்தது.

நம் பாய் மறைத்ததில் கரையில் யாருக்கும் தெரியவில்லை. நீ பார்த்தாய், அந்தோணி பார்த்தான்.

"கொடிய எறக்கு" என்றாய். கொடிக் கயிறு என் கைக்குக் கீழேதான் இருந்தது. மாட்டேன் என்றேன். "யாரும் பாக்கல. படகு போயிடும்டா" என்றேன். நீ சுக்கானை விட்டுவிட்டு எழுந்து வந்தாய். படகு காற்றுக்குள் திரும்பியது. பாய்கள் பேயாட்டம் ஆடின. அடிக்கட்டை தலைக்கு மேல் இப்படியும் அப்படியும் அறைந்தது. நான் டப்பாவால் உன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. உன் கையைக் கடித்து, தோல் என் வாயோடு வரும்வரை விடவில்லை. அப்போது நீ குத்தினாய். ஒரே குத்துதான். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. தண்ணீரும் ரத்தமும் நின்ற படகின் அடியில் மூச்சு வராமல் கிடந்தபடி, கொடி இறங்குவதைப் பார்த்தேன்.

கரையில் நடுவர்கள் காரணம் கேட்டார்கள். "படகு பட்டுச்சு. சுக்கான் என் கைல இருந்துச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். வாய் திறக்கப்போன அந்தோணியின் சட்டைக் காலரைப் பிடித்து, "மூடிக்கினு கெட" என்றாயாம். ஜெயிக்கிற பந்தயத்தைக் கெடுத்தாய் என்று பட்டறையே உன்மேல் துப்பியது. நாலு பேர் சேர்ந்து பட்டறை வாசலில் உன்னைப் போட்டு மிதித்தார்கள். நினைத்திருந்தால் நாலு பேரையும் நீ சாய்த்திருப்பாய். கையைத் தூக்கவே இல்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாய். "ஒரு வாட்டி ரிங்குல, ரெஃப்ரி அசந்த நேரம் ஒருத்தன அடிவயித்துல போட்டேன். ஜெயிச்சேன். அவன் ரெண்டு நாளு ரத்தமா ஒண்ணுக்குப் போனான். அந்தக் கப்பு இன்னும் வூட்ல கீது மாமு. அத்தப் பாத்துக்கினு என்னால சோறு துன்ன முடியல" என்றாய். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைக்கூடத் தொடவில்லை.

செயலாளர் சொன்னபடியே செய்தார். படகின் ஈயக்கட்டி உன் பட்டறைக்கே வந்தது. உடைக்கச் சொல்லிச் சம்மட்டியை உன் கையில் கொடுத்தார்களாம். ஒரு பகல் முழுக்க யாரோடும் பேசாமல் அடித்தாய் என்று அந்தோணி வந்து சொல்லி அழுதான். அப்போதும் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. அந்த ஆடியில் கிரேன் சங்கிலி அறுந்து இரும்புத் தகடுகள் உன்மேல் விழுந்தன. உன் வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றேன். "நல்ல ஆளுதான், ஜெயிக்கிற பந்தயத்தை மோதிக் கெடுத்துட்டான்" என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். உன்னைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் என் ஆயுசில் நான் செய்ததில்லை.

இன்றுதான் சொன்னேன். "விழல டாக்டரம்மா. என் தோஸ்து குத்துனது. தப்பு எம்மேலதான்" என்று, உன் பேரையும் முழுதாகச் சொன்னேன். டாக்டரம்மா பழைய முறிவு என்று மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மகள்தான் விடவில்லை. பஸ் காலடிப்பேட்டை தாண்டும் வரை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னிக்கு அவர் ஒங்க காலைக் கட்டியிருந்தா ஜெயிச்சிருப்பீங்களாப்பா?" என்றாள்.

ஜெயித்திருப்போம் என்றேன். அவன் கட்டத்தான் வந்தான், நான்தான் காலை இழுத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன்.