ஓடை உப்பும் நின்றுபோன கணக்கும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலேர்ந்து தூறல். கீரனூரிலிருந்து திருச்சி வரை பஸ்ஸில் நின்னுகிட்டே. லேபில் பழைய கம்ப்யூட்டர் போன வாரம் செத்துப்போச்சு. கடல் உப்பு நிலத்தடித் தண்ணிக்குள்ள எவ்வளவு தூரம் ஏறும்னு கணக்குப் போடுற புரோகிராமை, புது மெஷினில் முதலிலிருந்து கம்பைல் பண்ணினேன். எர்ரர் எதுவும் இல்லை. ஓடுது, பாதியில் அப்படியே நிக்குது. ஃபேன் மட்டும் இரையுது. ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

தீசிஸ் கொடுக்க இன்னும் பதினாறு நாள்.

நவம்பர் 5, புதன்

மழை. கம்பைலரை மாத்தினேன், நிக்குது. லைப்ரரி எல்லாம் மறுபடி போட்டேன், நிக்குது.

கைடு மேடம் எட்டிப் பார்த்தாங்க. போன வருசம் ஓடினதுதானே, அந்த முடிவையே வச்சு எழுதி முடின்னாங்க. எங்க ரெண்டு பேர் பேரிலும் அதை வச்சு எழுதின கட்டுரை வந்தாச்சு. தலையாட்டினேன். டிபன் பாக்ஸ் திறக்கலை. அம்மா கேப்பாங்க.

நவம்பர் 6, வியாழன்

வரிவரியா ஓட்டிப் பார்த்தேன். ஒரு சுழலுக்குள்ள மாட்டி வெளியே வர வழியில்லாம சுத்துது. நான் எழுதிச் சேர்த்த பகுதி. கட்டுமாவடிக் கடலோரம் ஓடையில் ஏறும் உப்புக்கு ஆரம்ப அளவே கொடுக்கலை. பழைய மெஷின் மெமரியில் அந்த இடத்தில் தற்செயலா பூஜ்யம் இருந்திருக்கு. இதில் ஏதோ குப்பை எண்.

அப்படின்னா போன வருசக் கணக்கு முழுக்க, ஓடையில் உப்பே இல்லைன்னு வச்சுப் போட்டது.

சரியான அளவைப் போட்டேன். நாற்பது நிமிசத்தில் முடிஞ்சுது. இருபது வருசத்துக்கு நல்ல தண்ணின்னு வரைபடத்தில் பச்சை அடிச்சிருந்த இடம், மூணே வருசத்தில் சிவப்பு.

முருகேசண்ணன் தெரு அந்தப் பச்சைக்குள்ளதான். எனக்காக மாசாமாசம் கிணத்துத் தண்ணியைப் பாட்டிலில் பிடிச்சுத் தந்தவர். என் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெருவுக்குப் பொதுவா போர்வெல் போட இடம் குறிச்சிருக்காங்க. சனிக்கிழமை போர் போடுற வண்டி வருதுன்னு போன வாரம் சொன்னார்.

யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு ஒரு நினைப்பு. வந்துச்சு. மறைக்காம எழுதுறேன்.

நவம்பர் 7, வெள்ளி

மேடம்கிட்ட சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திட்டு வந்தாங்க.

"வேற யாருக்கும் தெரியுமா?"

இல்லைன்னேன். திங்கக்கிழமை பேசுவோம், அதுவரைக்கும் வெளியே சொல்லாதேன்னாங்க. அதுக்குள்ள போர் இறங்கிடுமே.

பஸ் ஸ்டாண்டில் மூணு தரம் போனை எடுத்து உள்ளே வச்சேன். நாலாவது தரம் அண்ணனுக்குப் போட்டேன். அவரே முந்திக்கிட்டார். மழை வலுக்கும்னு வண்டியை நேத்தே வரச் சொல்லிட்டாங்களாம், போர் இறக்கியாச்சாம். "தண்ணி எளநி மாதிரி இருக்கும்மா."

இருந்தாலும் சொன்னேன். மூணு வருசத்தில் உப்பாயிடலாம், தப்பு என்னோடதுன்னு.

அண்ணன் கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்தது சத்தத்தில் தெரிஞ்சுது.

"நான் தெருவுல என்னன்னு சொல்லுவேன்." வச்சுட்டார்.

நவம்பர் 8, சனி

ஒடம்பு காய்ச்சல் மாதிரி. மழை இல்லை. காலையிலேயே அண்ணன் போன். திட்டலை. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் போட்டா உப்பு ஏறாது? இந்தத் தரம் நல்லாப் பார்த்துச் சொல்லும்மா."

வீட்டிலிருந்தே நெட் வழியா லேப் மெஷினில் ஓடவிட்டேன். ஆறு மணி நேரம்: நாலாவது வருசம் உப்பு. நாலு: ஏழாவது வருசம். ரெண்டு: இருபது வருசமும் நல்ல தண்ணி. ரெண்டை மட்டும் மூணு தரம் ஓட்டினேன். அதே எண்.

நடுவில், கட்டுரையைத் திருத்தணும்னு மேடத்துக்கு மெயில். அனுப்பியாச்சு. பதில் இல்லை.

அண்ணன்கிட்ட ரெண்டு மணி நேரம்னு சொன்னேன். எழுதிக்கிட்டார். பக்கத்தில் யாரோ கேக்க, "அந்தப் பொண்ணு கணக்குப் போட்டுச் சொல்லுது"ன்னு உரக்கச் சொன்னார்.

ரெண்டு மணி நேரக் கணக்கை நாலாவது தரம் ஓடவிட்டிருக்கேன்.